பழைய தகர போர்டை வரைந்தால் அது ஞாபகமா, விளம்பரமா?

கொக்கிரகுளம் (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு இரவு 9.40

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஹாலில் நான்கு நாள் என் படங்களை மாட்டி வைத்திருந்தேன். இங்கிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தீர்கள், சந்தோஷம். வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தம் 11 படம், எல்லாமே கேன்வாஸில் ஆயில். கோலி சோடாப் பெட்டி, கோபால் பல்பொடிப் பொட்டலம், கோல்டு ஸ்பாட் பாட்டில், ஊசி நூல் போட்டு வைத்த பிஸ்கட் டின், ஷட்டர் வைத்த டயனோரா டிவி, ஜவுளிக்கடை மஞ்சப்பை, டவுனில் கலர் சோடா விற்ற ஒரு கலர்க் கடையின் தகர போர்டு, இலைத்துண்டில் நூறு கிராம் அல்வா, இப்படி.

கூட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். படத்துக்கு முன்னால் வந்ததும் முகம் மலரும். "ஏ, இது நம்ம வீட்ல கிடந்துச்சுல்லா!" அவ்வளவுதான். அப்புறம் ஒரு செல்ஃபி, அப்புறம் அடுத்த படம். மூன்று வாரம் உட்கார்ந்து நான் இழைத்த நிழலை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் பாட்டிலைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு ஓட்டல் முதலாளி வந்தார். பைபாஸ் ரோட்டில் 'அந்தக் காலத்து' ஓட்டல் திறக்கப் போகிறாராம். திண்ணை, குண்டு பல்பு, பித்தளைக் கூஜா எல்லாம் உண்டாம். ஆறு படம் கேட்டார். விலையில் பேரமே பேசவில்லை. ஆனால் மூன்று காரியம் செய்து தர வேண்டும்: துருவை எடுத்துவிட வேண்டும், எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும், கலர்க் கடை போர்டில் '25 பைசா' என்பதை இன்னும் பெரிதாக்க வேண்டும். "சாப்பிட வர்றவங்களுக்குப் பார்த்ததும் ஒரு ஃபீல் வரணும் சார்" என்றார்.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். ஞாபகத்தை வரைகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூடிப்போன கம்பெனிகளுக்குக் கூலி வாங்காமல் விளம்பரம் எழுதுகிறேனோ என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு இந்தக் கிறுக்குப் பிடிக்கக் காரணம் வெய்ன் தீபோ என்ற அமெரிக்க ஓவியர். 1920-ல் பிறந்து 2021-ல் தன் 101-வது வயதில் காலமானார். கேக், ஐஸ்கிரீம், மிட்டாய் எந்திரம் என்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை வரைந்தே பேர் வாங்கியவர். கேக்கின் மேல் கிரீமைத் தடவுவது போலவே வண்ணத்தையும் தடியாகத் தடவுவார். அவர் போடும் நிழல் கறுப்பாக இருக்காது, நீலமாக இருக்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் கேக்கை எதிரில் வைத்துக்கொண்டு வரைந்தவர் இல்லை. சின்ன வயதில் ஓட்டலில் வேலை பார்த்தபோது கண்டதை மனதிலிருந்து எடுத்து வரைந்தார். என் அல்வாவும் அப்படித்தான். நெய் கசிந்து இலை நரம்போடு ஓடுமே, அந்த இடத்துக்கு மட்டும் நான்கு நாள் ஆனது.

கேள்வி இதுதான். படங்களைக் கொடுக்கலாமா? துருவை எடுக்கலாமா?

அல்வாக்கடை வாசல் · ஞாயிறு இரவு 9.52

முதல்ல வித்துப்போடும் வே, அப்புறம் கருத்துக் கேளும். நாலு நாள் நெய் வரைஞ்ச ஆளுக்கு நூறு கிராம் நான் வாங்கித் தாரேன்.

சந்தேகப்பேர்வழி · ஞாயிறு இரவு 10.30

துரு இருக்கட்டும், அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது.

ஆண்டி வார்ஹோல் 1962-ல் கேம்ப்பெல் சூப் டின்களை வரைந்தார். 32 வகை சூப், 32 படம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெரஸ் கேலரியில் மளிகைக்கடைத் தட்டில் அடுக்குவது போல வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். பக்கத்து கேலரிக்காரர் நிஜ டின்களை அடுக்கி வைத்துக் கேலி செய்தார். ஏன் செய்ய முடிந்தது? அந்த டின் அந்த வாரம் எல்லாக் கடையிலும் கிடந்தது. அதைப் பார்த்து யாருக்கும் ஏக்கம் வர வழியில்லை. 'இதையெல்லாமா படம் வரைவான்' என்ற எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில்தான் ஆட்கள் படத்தைப் படமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

உங்கள் பதினொன்றில் பெரும்பாலானவை செத்துப்போன சரக்கு. செத்தவரைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள் இல்லையா, அந்த மரியாதைதான் உங்கள் படத்துக்கும் கிடைக்கிறது.

இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் என்ன கிடக்கிறது? பழுப்பு அட்டைப்பெட்டி. அதன்மேல் பாதி கிழித்த டேப். டெலிவரி தம்பியின் முதுகில் டிவி சைஸுக்கு ஒரு பை. அதை வரையுங்கள். ஒருத்தரும் செல்ஃபி எடுக்க மாட்டார்கள். நிழலைப் பார்ப்பார்கள்.

தகரபோர்டு · திங்கள் காலை 6.15

தம்பி, நான் இரண்டாம் நாள் வந்திருந்தேன். கூட்டமாக இருந்தது, பேசாமல் போய்விட்டேன்.

என் தொழில் போர்டு எழுதுவது. 1974-ல் பதிமூன்று வயதில் டவுனில் ஒரு ஆர்ட்ஸில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பிரஷ் கழுவுவது, டப்பா தூக்குவது, தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. எழுத்தைத் தொட விட மூன்று வருஷம் ஆனது. பிளக்ஸ் வந்த பிறகு கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்தேன், அப்புறம் கடையை எடுத்துவிட்டேன்.

உங்கள் கலர்க் கடை போர்டு நல்ல வேலை. ஆணி அடித்த ஓட்டையில்தான் துரு முதலில் பிடிக்கும், அங்கிருந்து கண்ணீர் மாதிரி கீழே இறங்கும். அதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு தப்பு இருக்கிறது. தொழில்காரன் கண்ணுக்கு அது முதலில் படும்.

போர்டில் 'நெல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். விலை 25 பைசா போட்டிருக்கிறீர்கள். அந்த விலைக்குக் கலர் விற்ற காலத்தில் இப்போதைய 'லை' கிடையாது. யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு 'லை' உண்டு. ணை, ளை, னை எல்லாவற்றுக்கும் அதே தும்பிக்கைதான். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகுதான் அது போனது. ஆணை வந்த மறுநாளே போர்டு மாறிவிடாது. பழைய போர்டு உப்பி உரிந்து, கடைக்காரர் மறுபடி எழுதக் கொடுக்கும்போதுதான் மாறும். எனக்கே கை திரும்ப இரண்டு வருஷம் ஆனது. அவசரத்தில் எழுதினால் தும்பிக்கை தானாக வந்துவிடும், முதலாளி தலையில் ஒரு குட்டு வைப்பார்.

அந்தப் போர்டை நீங்கள் பார்த்ததில்லை, இல்லையா? பார்த்த கை தும்பிக்கையை விட்டிருக்காது.

இன்னொன்று, ஷேடு. எழுத்துக்கு ஷேடு கொடுத்தால் போர்டு முழுக்க ஒரே பக்கம் கொடுக்கணும். உங்கள் 'க'வுக்கு வலது பக்கம் விழுகிறது, 'ர்'க்கு இடது பக்கம். ஒரு கடைக்கு இரண்டு சூரியன் ஆகாது.

கொக்கிரகுளம் · திங்கள் காலை 8.05

அண்ணாச்சி, காலையில் காப்பியோடு இதைப் படித்தேன், காப்பி ஆறிவிட்டது.

நான் பிறந்தது 1984. அந்தக் கடை அதற்கு முன்னாலேயே மூடியாகிவிட்டது. அப்பா அடிக்கடி சொல்லுவார், அதைக் கேட்டு வளர்ந்தேன். மீதியை இணையத்தில் கிடைத்த வேறு ஊர் போர்டுகளைப் பார்த்து நிரப்பினேன். இருந்தாலும் நம்புங்கள், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் போர்டுக்குக் கீழே நான் நின்ற மாதிரியேதான் எனக்கு ஞாபகம்.

மும்பை நெல்லை · திங்கள் மதியம் 1.20

முப்பது வருஷமாக மும்பையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கேலரிக்குப் போவது ஒரு பழக்கம். (ஏசி இலவசம் என்பதும் ஒரு காரணம்.) நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்கிறேன்.

பூபேன் கக்கர், 1934–2003. சார்ட்டர்டு அக்கவுண்டண்டாகக் கணக்குப் பார்த்துக்கொண்டே பரோடாவில் படம் வரைந்தவர். 1972 வாக்கில் தெருக் கடைகளை வரைய ஆரம்பித்தார். 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்', 'டி லக்ஸ் டெய்லர்ஸ்' என்று கடைப் பெயரே படத்தின் பெயர். படித்த ஓவியர்கள் மட்டமாக நினைத்த காலண்டர் நிறங்களை அவர் கூச்சமே இல்லாமல் எடுத்துப் போட்டார். ஆனால் அந்தக் கடைகளில் ஆள் இருப்பார், தம்பி. வாட்ச்காரர் தன் வாட்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார், தையல்காரர் துணியோடு இருப்பார். நீங்கள் போட்ட புகைப்படங்களை இப்போது மறுபடி பார்த்தேன். 11 படத்தில் ஒரு மனிதர் இல்லை. ஒரு கை கூட இல்லை. அல்வாவை இலையில் வைத்தது யார்?

அதுல் தோடியா என்று இன்னொருவர். கடை ஷட்டரிலேயே வரைந்தார். ஷட்டரை ஏற்றினால் உள்ளே வேறொரு படம் இருக்கும். திறந்த கடை ஒரு படம், பூட்டிய கடை ஒரு படம்.

அப்புறம் தகரபோர்டு அண்ணாச்சிக்கு ஒரு சேதி. ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் என்று ஒரு அமெரிக்கர், 1933-ல் பிறந்து 2017-ல் போய்ச் சேர்ந்தார். ஆரம்பத்தில் உங்கள் தொழில்தான். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் ஏறி நின்று விளம்பரம் எழுதினார். பிற்பாடு 86 அடி நீளத்தில் ஒரு படம் வரைந்தார். ஒரு போர் விமானம், அதன்மேல் டயர், பல்பு, ஒரு சின்னப் பெண், டின்னில் வருமே அந்த மாதிரி நூடுல்ஸ். வியட்நாம் போர்க் காலம் அது. விமானம், வீட்டுச் சரக்கு இரண்டையும் நாமே காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

தகரபோர்டு · திங்கள் மாலை 7.00

நல்ல சேதி சொன்னீர்கள் சார். நாங்களும் தியேட்டர் வாசலுக்கு நாற்பது அடி கட்அவுட் எழுதியிருக்கிறோம். பக்கத்தில் நின்றால் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. சின்னப் படத்தில் கட்டம் போட்டு, பெரிசிலும் கட்டம் போட்டு, கட்டத்தை நம்பி எழுதிக்கொண்டே போகணும். கீழே இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தால்தான் அது சிவாஜியா வேறு யாராவதா என்று தெரியும்.

படம் ஐம்பது நாள் ஓடினால் அதுவும் ஐம்பது நாள் இருக்கும். அப்புறம் அதன்மேலேயே வெள்ளை அடித்து அடுத்த படம். அவருடைய 86 அடி இப்போது எங்கே இருக்கிறது?

மும்பை நெல்லை · திங்கள் மாலை 7.10

நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அண்ணாச்சி.

தகரபோர்டு · திங்கள் மாலை 7.12

சரி.

கோவில்பட்டிக்காரி · திங்கள் இரவு 10.45

எல்லாரும் ரொம்ப நேரமாகப் 'பழைய பொருள்' என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பொருள் ஒன்று உண்டு, இன்னும் சாகவில்லை. தீப்பெட்டி.

1923 வாக்கில் சிவகாசிக்காரர்கள் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து தொடங்கியது, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. 2021 டிசம்பரில்தான் பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு முன் 14 வருஷம் ஒரே விலை. இப்போது தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்கள் நிறையப் பேர். கிளி, மயில், சாவி, தாமரை என்று ஆல்பம் போட்டு வைத்து 'வாவ்' போடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை.

என் அம்மா வீட்டில் பெட்டி ஒட்டினாள். அடிப்பெட்டி, மேல்பெட்டி இரண்டும். குரோஸ் கணக்கில் கூலி, குரோஸ் என்றால் 144. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்ட பசை. எலி, பூச்சி வராமல் இருக்கத் துத்தம். அந்தப் பசை நகக்கண்ணில் ஏறிப் பச்சையாகக் காய்ந்திருக்கும். சோறு பிசையும்போது எரியும் என்று இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவாள். ராத்திரி நான் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் சக்கென்று மடிப்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். லேபிளில் என்ன படம் என்று அவளிடம் கேட்டால் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்தால் குரோஸ் ஓடாது.

ஆகவே ஓட்டல் முதலாளியின் 'ஃபீல்' எனக்கு வராது. என் ஞாபகத்தில் கிளி இல்லை. பச்சை நகம்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கும் எங்கள் ஊரில் ஒரு பதில் உண்டு. கொண்டையராஜு, 1898–1976. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. எப்படிப் போயின? காலண்டராக. ஏஜெண்டு ஆல்பத்தை விரிப்பார், கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார், கீழே கடைப் பெயரை அடித்துத் தருவார்கள், வருஷப் பிறப்புக்கு வாடிக்கையாளருக்கு இலவசம். நாம் கும்பிட்ட லட்சுமி ஏதோ ஒரு ஜவுளிக்கடையோ நகைக்கடையோ கொடுத்து அனுப்பின லட்சுமி. இதில் ஞாபகம் எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று நீங்களே கோடு போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தகரபோர்டு · செவ்வாய் காலை 6.20

அம்மா சொல்கிறதற்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். அந்தக் கோட்டைப் போடுகிறவன் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரன். சாமி படத்துக்குச் சட்டம் போடும்போது கீழே இருக்கிற கடைப் பெயரைச் சிலர் வெட்டிவிடுவார்கள். நல்ல வேலைக்காரன் வெட்ட மாட்டான், பின்னால் மடித்து விடுவான். லட்சுமி காலடியில் கத்தரி போடக் கூடாது என்று ஒரு பயம்.

தம்பி, வீட்டில் பழைய சாமி படம் இருந்தால் கழற்றிப் பாருங்கள்.

மேலப்பாளையம் துபாய் · செவ்வாய் இரவு 11.30

இங்கே வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். கோவில்பட்டி அக்கா சொன்னது மனதை அறுத்துவிட்டது. ஆனால் எங்கள் தெருக் கதை கொஞ்சம் வேறு.

என் வாப்பா 19 வருஷம் கல்ஃபில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பெட்டியைத் திறந்தால் நிடோ பால் டின், டாங்க் பொடி, கோடாலித் தைலம், யார்ட்லி பவுடர். பவுடரை உம்மா போட்டுக்கொள்ள மாட்டா. பீரோவில் துணிக்கு நடுவே வைப்பா. நிடோ டின் காலியானதும் அரிசி அளக்க ஒன்று, உளுந்துக்கு ஒன்று, நான் காசு போட ஒன்று. மேலே மஞ்சள் நிறம், அதில் எழுதியிருந்த அரபியை நான் வாப்பாவின் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிராண்டை வரைந்தால் விளம்பரம் என்று சொல்லும் அண்ணன்மார்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வாப்பா இல்லை, டின்தான் இருந்தது. அதை வரைய வேண்டும் என்றால் எதை விட்டுவிட்டு வரைவது?

இப்போது நானே அனுப்புகிறேன். என் மகளுக்கு டின் வேண்டாமாம், வீடியோ காலில் இன்னும் அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறாள்.

வண்ணார்பேட்டை வாத்தியார் · புதன் மாலை 5.15

மஞ்சப்பை பற்றி மட்டும். 1991-ல் கல்லூரியில் சேர மெட்ராஸ் போனபோது அம்மா மஞ்சப்பையில் சீடை கட்டிக் கொடுத்தாள். எழும்பூரில் இறங்குவதற்கு முன்னால் பையைச் சுருட்டிப் பெட்டிக்குள் தள்ளினேன். கடைப் பெயரும் 'திருநெல்வேலி டவுன்' என்ற எழுத்தும் வெளியே தெரிந்தால் பட்டிக்காட்டான் என்பார்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியது. போன வாரம் என் மருமகள் ஒரு மஞ்சப்பை வாங்கி வந்தாள். கடைப் பெயரே இல்லாமல், இணையத்தில், முந்நூறு ரூபாய்க்கு. நான் ஒளித்து வைத்த பையைத்தான் அவள் தோளில் மாட்டிக்கொண்டு போகிறாள். நல்லதுதான். ஆனால் சீடை வாசம் இல்லை.

அல்வாக்கடை வாசல் · புதன் மாலை 5.20

முந்நூறா! எங்க வீட்டுப் பரண்ல நாப்பது கிடக்கு, மருமக நம்பரைக் கொடும் வாத்தியாரே.

கடனாநதி · வியாழன் இரவு 9.00

இரண்டு விஷயம்.

இந்தப் பழைய நினைவு ஏக்கத்துக்கு மேற்கத்தியச் சொல்லான 'நாஸ்டால்ஜியா' முதலில் ஒரு வியாதிப் பெயர். 1688-ல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மாணவர் ஸ்விட்சர்லாந்தில் தன் மருத்துவ ஆய்வேட்டில் உருவாக்கியது. வெளியூரில் கூலிக்குப் போரிடப் போன ஸ்விஸ் சிப்பாய்கள் ஊர் நினைப்பில் உருகி இளைத்ததுக்குப் பெயர் வைத்தார். நம் பக்கத்தில் வியாதி என்று சொல்ல மாட்டோம், 'தேடுது' என்போம். 'பிள்ளைக்கு அம்மையைத் தேடுது', 'ரெண்டு நாளா ஊரைத் தேடுது'. அதே சொல்லைத்தான் 'தாத்தா தேடி வச்ச சொத்து' என்கிறோம். காணாமல் போன சாவியையும் தேடுகிறோம். துபாய் தம்பியின் வாப்பா தேடியது, தம்பிக்கு வாப்பாவைத் தேடியது, எல்லாம் ஒரே வினைச்சொல். ஓவியர் தம்பிக்கு எது தேடுகிறது என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் சுவரோவியம். புராணக் கதைகளுக்கு நடுவே ஒரு கப்பல் வருகிறது, அரபு வணிகர்கள் குதிரைகளைக் கொண்டு வந்து இறக்குகிறார்கள். குதிரை அன்றைக்கு விலை உயர்ந்த இறக்குமதிச் சரக்கு. அந்தச் சித்திரக்காரர் பழம் பெருமைக்காக வரையவில்லை, அவர் காலத்துத் துறைமுகத்தில் இறங்கியதை வரைந்தார். சந்தேகப்பேர்வழி சொன்ன அட்டைப்பெட்டிக்கு நம் ஊரிலேயே பாட்டன் இருக்கிறார்.

சந்தேகப்பேர்வழி · வியாழன் இரவு 9.25

இந்தக் கப்பல் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன். நிடோ டின் விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கொக்கிரகுளம் · ஞாயிறு காலை 11.10

ஆறு நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். தகரபோர்டு அண்ணாச்சி சொன்னபடி செய்தேன்.

ஆச்சியின் பூஜைத் தட்டில் ஒரு கஜலட்சுமி படம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. ஆச்சி போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை பூ வைக்கிறாள். கழற்றப் போகிறேன் என்றதும் அம்மா விடவில்லை. வெள்ளி கழியட்டும் என்றாள். சனிக்கிழமை காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு என் கையில் கொடுத்தாள்.

பின்பக்க ஆணிகள் தொட்டதும் முறிந்தன. அட்டை, அதற்குள் மடித்த செய்தித்தாள், ராமபாணப் பூச்சி இரண்டு. அப்புறம் படத்தின் முதுகு. அண்ணாச்சி சொன்னது அப்படியே இருந்தது: கீழே நாலு விரல் அகலம் பின்னால் மடித்து, மைதா பசை போட்டு லேசாக ஒட்டியிருந்தது. ஈரத்துணி வைத்து அரை மணி நேரம் கழித்துப் பிரித்தேன்.

முன்பக்கம் லட்சுமி புகை குடித்து, வெயில் குடித்து, சேலை ரோஸா மஞ்சளா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்துவிட்டாள். யானைகள் சாம்பலும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஆனால் அந்த நாலு விரல் பட்டை, நேற்று அச்சடித்தது மாதிரி இருந்தது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. சாமி மங்கிப்போய்விட்டது, கடை மங்கவில்லை. 1969. ஜவுளிக்கடைப் பெயர் (விடுகிறேன்), கீழ ரத வீதி, மூன்று இலக்கத்தில் போன் நம்பர். அதற்குக் கீழே ஒரு வரி: 'பட்டுச் சேலைகள் சகாய விலையில்'.

இரண்டு 'லை'. இரண்டு தும்பிக்கை.

அதற்கும் கீழே, ஓரத்தில், பென்சிலில் ஏதோ இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டு போய்ச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. ஆச்சி கையெழுத்து. சட்டத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு வருஷம் அது அடுக்களைச் சுவரில் வெறும் காலண்டராகத் தொங்கியிருக்கிறது. 'பால் 3 நாள் இல்லை' என்று எழுதியிருக்கிறாள். அந்த 'இல்லை'யிலும் தும்பிக்கை, கொஞ்சம் கோணலாக, கடைசியில் பென்சில் முனை உடைந்து அழுத்திய புள்ளியோடு.

அம்மா அதைப் படித்துவிட்டு, "அந்த மூணு நாள் பால்காரர் மக கல்யாணமா இருக்கும்" என்றாள். இருக்கலாம். அம்மாவுக்கு அப்போது பத்து வயது.

நேற்றிலிருந்து அந்தப் பட்டையைத்தான் வரைகிறேன். லட்சுமி இல்லாமல் பட்டை மட்டும், நிஜ அளவில். மனதிலிருந்து வரையவில்லை, எதிரில் வைத்துக்கொண்டு வரைகிறேன். தீபோ மன்னிப்பாராக. மடிப்புக் கோட்டில் ஒரு பக்கம் 1969, மறு பக்கம் ஐம்பது வருஷச் சாம்பிராணி. அந்த ஒரு கோட்டுக்கு நிறம் கலக்க முடியவில்லை.

ஓட்டல் முதலாளி நேற்று மாலை வந்திருந்தார். துருவை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார். மேஜையில் இருந்த பட்டையைப் பார்த்து, "இதுல சாமி எங்க சார்?" என்றார். கடைசியில் அல்வாப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அதில் எடுப்பதற்குத் துரு இல்லை.

கோவில்பட்டிக்காரி · ஞாயிறு மதியம் 12.00

இந்தப் படத்திலும் ஆள் இல்லை என்று மும்பை சார் சொல்ல முடியாது.

மும்பை நெல்லை · ஞாயிறு மதியம் 12.40

சொல்ல மாட்டேன். ஆனால் பட்டையைத் திரும்ப மடித்து உள்ளே வைக்கப் போகிறீர்களா, விரித்தபடி சட்டம் போடப் போகிறீர்களா?

கொக்கிரகுளம் · ஞாயிறு மதியம் 12.55

அம்மாவிடம் கேட்டேன். மடிச்சே வை என்கிறாள். கடைப் பெயரைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கும்பிட, என்கிறாள். பால் கணக்கை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தகரபோர்டு அண்ணாச்சி, ஒரு உதவி. அந்தத் தும்பிக்கை எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. பதினைந்து தடவை அழித்துவிட்டேன். பார்த்து வரைந்தால் வரைந்த மாதிரி இருக்கிறது, எழுதின மாதிரி இல்லை.

தகரபோர்டு · ஞாயிறு மதியம் 2.30

அச்செழுத்தும் உங்கள் ஆச்சி எழுத்தும் ஒன்று கிடையாது தம்பி. அச்சுக்கு முனை இரண்டும் ஒரே கனம். கையெழுத்துத் தும்பிக்கையை ஒரே இழுப்பில் விடணும், நடுவில் மூச்சு விட்டால் கோணும். கோணினால் அப்படியே விட்டுவிடணும், திருத்தப் போனால் எழுத்து செத்துப்போகும். எழுதிக் காட்டுகிறேன், வீட்டுக்கு வாருங்கள். புது பிரஷ் வாங்க வேண்டாம். என்னிடம் அணில் முடி பிரஷ் ஒன்று 1980-லிருந்து இருக்கிறது, எண்ணெயில் போட்டு வைத்திருக்கிறேன்.

கொக்கிரகுளம் · ஞாயிறு மதியம் 2.34

நாளைக் காலை வரட்டுமா அண்ணாச்சி? எத்தனை மணிக்கு?

தகரபோர்டு · ஞாயிறு மதியம் 2.36

ஆறரைக்கு வாருங்கள். வெயில் ஏறினால் பெயிண்ட் இழுக்கும்.

அல்வாக்கடை வாசல் · ஞாயிறு மதியம் 2.50

அண்ணாச்சி வீட்டுக்குப் போகையில் என் கடை வழியா வாரும் வே. நூறு கிராம் பாக்கி நிக்கி.